வரி கேள்வி-பதில்: பிடித்ததில் எவ்வளவு திரும்ப வரும்?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். கட்ட வேண்டியதைவிடக் கூடுதலாகப் போய்விட்ட வருமான வரியைக் கண்டுபிடிப்பது எப்படி, திரும்ப வாங்குவது எப்படி? வேறு ஆண்டைக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் கணக்கு 2025-26 நிதியாண்டுக்கானது. அதன் மதிப்பீட்டு ஆண்டு, அதாவது அந்த வருமானத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்யும் ஆண்டு, 2026-27. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருந்தாலும், அதற்கு முன் ஈட்டிய வருமானத்துக்கு 1961 சட்டம்தான். பிரிவு எண்களும் அதன்படியே.

எனக்கு வயது 66. ஓய்வூதியம் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். இரண்டு வங்கிகளில் வைப்பு நிதி வட்டி 1,30,000, 1,10,000. "12 லட்சம் வரை வரி இல்லை" என்கிறார்கள். ஆனால் இரண்டு வங்கியும் வரி பிடித்திருக்கின்றன. அந்தப் பணம் தானாக வந்துவிடுமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

தானாக வராது. வருமானக் கணக்கை (ரிட்டர்ன்) தாக்கல் செய்தால் மட்டுமே வரும்.

உங்கள் மொத்த வருமானம் வங்கிக்குத் தெரியாது. மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால், மொத்த வட்டியிலும் 10 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது அதற்குள்ள விதி. (60 வயதுக்குக் கீழ் என்றால் வரம்பு 50,000.) அப்படி 13,000, 11,000 என்று 24,000 போயிருக்கும்.

இப்போது உங்கள் வரியைப் போடுவோம். ஓய்வூதியத்தில் நிலையான கழிவு 75,000 போக 3,45,000. அதோடு வட்டி 2,40,000 சேர்த்தால் 5,85,000. புதிய வரி முறையில் (பழைய முறையின் கழிவுகள் பெரும்பாலும் இல்லாமல், குறைந்த விகிதத்தில் போடுவது) முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 1,85,000-க்கு 5 சதவீதம் என்றால் 9,250. வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ பிரிவின் தள்ளுபடியில் அதுவும் போய்விடும். வரி பூஜ்யம், பிடித்த 24,000 முழுவதும் உங்களுடையது.

தாக்கல் செய்யும் முன் பார்க்க வேண்டியது, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவம். வருமான வரித் துறையின் இணையதளத்தில் பான் எண் கொடுத்து உள்ளே போய், 'இ-ஃபைல்', 'இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்ஸ்', 'வியூ ஃபார்ம் 26ஏஎஸ்' என்று போனால், பிடித்த வரியின் விவரங்களை வைத்திருக்கும் டிரேசஸ் தளத்துக்குக் கொண்டுபோகும். அங்கே ஆண்டு கேட்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். கேட்பது மதிப்பீட்டு ஆண்டு. 2025-26-ல் பிடித்த வரியைப் பார்க்க 2026-27-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025-26-ஐ அழுத்தினால் அதற்கு முந்தைய வருஷத்துக் கணக்கு வரும், "என் வரியைக் காணோம்" என்று பதற்றமும் வரும். பகுதி 1-ல் டிடிஎஸ் (பணம் தருபவர் பிடித்த வரி), பகுதி 6-ல் டிசிஎஸ் (விற்பவர் வசூலித்த வரி), பகுதி 7-ல் இதுவரை வழங்கிய ரீஃபண்ட் (திரும்பத் தந்த வரி).

கூடவே ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையையும் திறந்து பாருங்கள். 26ஏஎஸ் பிடித்த வரியைக் காட்டும்; ஏஐஎஸ் வரி பிடிக்காத வட்டியையும் காட்டும். மூன்றாவது வங்கியின் சேமிப்புக் கணக்கு வட்டி, முதிர்வின்போது மொத்தமாக வரும் வைப்பு நிதியில் ஆண்டுதோறும் சேரும் வட்டி எல்லாம் அதில் இருக்கும். கைக்கு வராத வட்டிதானே என்று விட்டுவிட்டால் கணக்கு ஒத்துப்போகாமல் ரீஃபண்ட் நின்றுவிடும். ஏஐஎஸ் பிடிஎஃபைத் திறக்கக் கடவுச்சொல், சிறிய எழுத்தில் பான் எண்ணும் பிறந்த தேதியும் (நாள், மாதம், ஆண்டு என எட்டு இலக்கம்) சேர்ந்தது.

உங்களுக்கு ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். கெடு ஜூலை 31. ஆனால் ஏப்ரலிலேயே அவசரப்பட வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்ததற்கான விவரத்தை வங்கிகள் மே 31 வரை தரலாம். ஜூன் பாதிக்குப் பிறகு பார்த்தால் 26ஏஎஸ் முழுமையாக இருக்கும். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துவிட வேண்டும். அதைச் செய்யாத ரிட்டர்ன், கையெழுத்தில்லாத காசோலை மாதிரி.

இனிப் பிடிக்காமலிருக்க, ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒவ்வொரு வங்கியிலும் உறுதிமொழிப் படிவம் கொடுங்கள். 15எச் என்று நாம் பழகிய படிவம் அது. புதிய சட்டத்தில் படிவ எண்கள் மாறியிருக்கின்றன. பழைய பெயரைச் சொன்னாலே வங்கியில் புரியும்.

தனியார் நிறுவனத்தில் ஆண்டுச் சம்பளம் 12 லட்சம். ஏப்ரலில் 'பழைய வரி முறை' என்று தேர்ந்தெடுத்தேன். ஜனவரியில் வீட்டு வாடகை ரசீது, எல்ஐசி எதுவும் கொடுக்கவில்லை. 1,63,800 ரூபாய் பிடித்துவிட்டார்கள். என்னதான் திரும்ப வரும்?
- வாசகர், கோயம்புத்தூர்

முழுவதும் வரும். தொகையைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று தெரிகிறது. பழைய முறையில் நிலையான கழிவு 50,000-ஐ மட்டும் கழித்து, 11,50,000-க்கு வரி போட்டிருக்கிறார்கள். 2.5 முதல் 5 லட்சம் வரை 12,500. அடுத்த 5 லட்சத்துக்கு 1,00,000. மீதி ஒன்றரை லட்சத்துக்கு 45,000. மொத்தம் 1,57,500. அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம் 6,300.

அலுவலகத்தில் சொன்ன முறையிலேயே ரிட்டர்னும் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. சம்பளக்காரர்கள் ஒவ்வொரு ஆண்டும் ரிட்டர்னில் மாற்றிக்கொள்ளலாம். புதிய முறையில் உங்கள் வருமானம் 75,000 போக 11,25,000. வரி 52,500; தள்ளுபடி வரம்பு 60,000. ஆக, பூஜ்யம். வாடகை ரசீதையும் எல்ஐசி ரசீதையும் தேடி அலையவே வேண்டாம்.

ஜூலை 31-க்குள் தாக்கல் செய்தால் 244ஏ பிரிவில் மாதம் அரை சதவீத வட்டியும் உண்டு, ஏப்ரல் 1-லிருந்து. உங்கள் தொகைக்கு மாதம் 819 ரூபாய். செப்டம்பரில் பணம் வந்தால் ஆறு மாதத்துக்கு 4,914. இந்த வட்டி அடுத்த ஆண்டு வருமானத்தில் சேரும், மறந்துவிடாதீர்கள். கெடு தாண்டினாலும் டிசம்பர் 31 வரை போடலாம். ஆனால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் போகும், வட்டியும் தாக்கல் செய்த நாளிலிருந்துதான்.

உங்களுக்கு நேர் எதிரான நிலையில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெரிய வீட்டுக் கடன் வட்டியும் வாடகைப் படியும் இருந்து, பழைய முறைதான் லாபம் என்றால், கெடுவுக்குள் போட்டே ஆக வேண்டும். தாமதமான ரிட்டர்னில் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பங்கு விற்ற லாபம் உள்ளவர்களும் 12 லட்சக் கணக்கை அப்படியே போட்டுவிடக் கூடாது. சிறப்பு விகிதத்தில் வரி விதிக்கப்படும் அந்த லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்கிறேன். ஒரு நிறுவனம் ஆண்டு முழுவதும் கொடுத்த 22 லட்சத்தில் 1 சதவீதம் பிடித்தது. 26ஏஎஸ்-ல் 9,000 மட்டும்தான் தெரிகிறது. மீதி 13,000 எங்கே?
- தையல் கூட உரிமையாளர், திருப்பூர்

26ஏஎஸ்-ல் அந்த நிறுவனத்தின் பெயருக்கு எதிரே உள்ள கூட்டல் குறியை அழுத்துங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் தேதியோடு ஒரு பதிவு விரியும். அதில் 'ஸ்டேட்டஸ் ஆஃப் புக்கிங்' பத்தியில் ஒரே ஓர் எழுத்து இருக்கும். 'எஃப்' என்றால் பணம் அரசுக்குப் போய்ச் சேர்ந்து கணக்கு ஒத்துப்போயிற்று. 'யூ' என்றால் வரி கட்டிய செலானோடு ஒத்துப்போகவில்லை. பதிவையே காணோம் என்றால் இரண்டு சாத்தியம்: அந்தக் காலாண்டின் விவரத்தை அவர்கள் இன்னும் தாக்கல் செய்யவில்லை, அல்லது உங்கள் பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்து வேறு யாருக்கோ வரவு வைத்துவிட்டார்கள். நடைமுறையில் இரண்டாவதுதான் அதிகம். எந்தத் தேதியிலிருந்து பதிவுகள் இல்லை என்று பார்த்தால் எந்தக் காலாண்டு என்பது புரிந்துவிடும்.

"என் டிடிஎஸ்ஸைக் காணோம்" என்று போனில் சொன்னால் அவர்கள் கணக்காளர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். காலாண்டு, பில் எண், தேதி, பிடித்த தொகை, உங்கள் பான் நகல் ஐந்தையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து, திருத்திய டிடிஎஸ் விவரத்தைத் தாக்கல் செய்யுமாறும், வரி பிடித்ததற்கு டிரேசஸிலிருந்து இறக்கிய 16ஏ சான்றிதழைத் தருமாறும் கேளுங்கள். அவர்களே டைப் அடித்துத் தரும் சான்றிதழ் வேண்டாம். டிரேசஸில் இறங்கியதென்றால் அந்தக் கணக்கு துறைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

திருத்தம் வரும்வரை ரிட்டர்னை நிறுத்தி வைக்காதீர்கள். கெடு நெருங்கினால் பிடித்த 22,000-ஐயும் கோரித் தாக்கல் செய்துவிடுங்கள். ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் துறையின் பெங்களூரு மையம் 26ஏஎஸ்-ல் இருக்கும் 9,000-ஐ மட்டும் ஏற்று 143(1) அறிவிப்பு அனுப்பும். திருத்தம் ஏறியதும் 154 பிரிவில் ஆன்லைனிலேயே பிழைதிருத்தம் கேட்டால் மீதி வரும். அறிவிப்பு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை அதற்கு நேரம் உண்டு. பிடித்த வரியை நிறுவனம் அரசுக்குக் கட்டாமலே விட்டிருந்தாலும், அதே வரியை உங்களிடம் மறுபடி வசூலிக்க 205 பிரிவு இடம் தராது. சம்பளப் பட்டியல், பில், வங்கிப் பதிவு எல்லாம் அப்போதுதான் கைகொடுக்கும்.

சிறு தொழில்களுக்கு உத்தேச லாபக் கணக்கை அனுமதிக்கும் 44ஏடி பிரிவில், வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். 22 லட்சத்துக்கு அது 1,32,000. வேறு வருமானம் இல்லையென்றால் வரி இல்லை. உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்றால் அதிகத்தைத்தான் காட்ட வேண்டும். 6 சதவீதம் என்பது குறைந்தபட்சம். படிவம் ஐடிஆர்-4.

மூன்று ஆண்டு ஊதிய நிலுவை 3,60,000 ஒரே தவணையில் வந்தது. அதனால் இந்த ஆண்டு 1,13,100 வரி பிடித்துவிட்டார்கள். நிலுவை இல்லையென்றால் எனக்கு வரியே இல்லை.
- அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர், விருதுநகர்

89 பிரிவின் நிவாரணம் இதற்காகவே இருக்கிறது. நிலுவை அந்தந்த ஆண்டிலேயே வந்திருந்தால் எவ்வளவு வரி கூடியிருக்கும் என்று பார்த்து, இப்போது கூடிய வரி அதைவிட அதிகமானால் வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையிலும் இது உண்டு.

ஆண்டுக்கு 1,20,000 வீதம் நிலுவை. அந்த மூன்று ஆண்டுகளிலும் நீங்கள் பழைய முறையில் 20 சதவீத அடுக்கில் இருந்தீர்கள், நிலுவையைச் சேர்த்தும் அதே அடுக்குதான் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24,000, செஸ் 960. மூன்று ஆண்டுக்கு 74,880. இப்போது கூடியது 1,13,100. நிவாரணம் 38,220. அந்த ஆண்டுகளில் வருமானம் குறைவாக இருந்தவர்களுக்கு நிவாரணம் இன்னும் பெரிதாக இருக்கும்.

ரிட்டர்னுக்கு முன்பே 10இ படிவத்தை இணையதளத்தில் தாக்கல் செய்துவிட வேண்டும். ரிட்டர்னில் நிவாரணத்தை எழுதிவிட்டு 10இ-ஐ மறந்தால், மையம் அந்த 38,220-ஐ அப்படியே தள்ளிவிடும். 10இ-ல் தேர்ந்தெடுக்க வேண்டியது பணம் கைக்கு வந்த ஆண்டுக்குரிய மதிப்பீட்டு ஆண்டு (2026-27). நிலுவை சேர்ந்த பழைய ஆண்டுகள் அல்ல. பழைய ஆண்டுகளின் ரிட்டர்ன் நகல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், அப்போது நிகர வருமானம் எவ்வளவு என்று படிவம் கேட்கும்.

2021-22-ல் பிடித்த 18,000-ஐ நான் கேட்கவே இல்லை. தந்தையின் சிகிச்சைக்காக அலைந்ததில் தாக்கல் செய்யவில்லை. ஐடிஆர்-யூ போட்டு வாங்கலாம் என்கிறார் ஒருவர்.
- வாசகி, சேலம்

ஐடிஆர்-யூ என்பது கெடு முடிந்த பிறகு திருத்திப் போடும் ரிட்டர்ன். அது கூடுதல் வரி கட்ட மட்டுமே. அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

உங்களுக்குள்ள வழி 119(2)(பி) பிரிவில் தாமத மன்னிப்பு. நேரடி வரிகள் வாரியம் 2024 அக்டோபர் 1 அன்று வெளியிட்ட 11/2024 சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் மதிப்பீட்டு ஆண்டு 2022-23, எனவே 2028 மார்ச் 31 வரை. 1 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை ஆணையரே முடிவு செய்வார். இணையதளத்தில் 'சர்வீசஸ்' பட்டியலில் 'கண்டோனேஷன் ரெக்வஸ்ட்' இருக்கிறது. "குடும்பச் சூழ்நிலை" என்று ஒற்றை வரி எழுதினால் நிராகரிக்கத் தோதாக இருக்கும். மருத்துவமனையில் சேர்த்த தேதி, டிஸ்சார்ஜ் சுருக்கம், தாக்கலுக்கான கெடு அந்த இடைவெளியில் வந்தது என்று தேதிவாரியாகக் காட்டுங்கள். ஆணை கிடைத்த பிறகு, அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்து ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். அசல் வரும், வட்டி வராது.

சிங்கப்பூரில் வேலை. ஊரில் என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்தைப் போடும் கணக்கு) வைப்பில் வட்டி 2 லட்சம்; 62,400 பிடித்துவிட்டது வங்கி. இந்தியாவில் வேறு வருமானம் இல்லை.
- வாசகர், சிங்கப்பூர்

30 சதவீதமும் செஸ்ஸும் சேர்ந்து 31.2. வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள், 15எச் போன்ற படிவமும் கொடுக்க முடியாது. ஆனால் 4 லட்சம் என்ற அடிப்படை வரம்பு உங்களுக்கும் உண்டு. ஐடிஆர்-2 தாக்கல் செய்தால் 62,400 முழுவதும் திரும்பும். 87ஏ தள்ளுபடி உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்பதால் 12 லட்சக் கதை உங்களுக்குப் பொருந்தாது. வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு வரி விலக்கு. அதை வரிக்குரிய வருமானத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

வட்டி பெரிய தொகையாக இருந்தால், சிங்கப்பூர் வரித்துறையின் வசிப்பிடச் சான்றிதழையும் 10எஃப் படிவத்தையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே வங்கிக்குக் கொடுங்கள். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி 15 சதவீதத்தோடு நிற்கும். ஆதார் இல்லாதவர்கள் நெட் பேங்கிங் வழியே சரிபார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு பெங்களூரு மையத்துக்கு 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும்.

கடந்த ஆண்டு குடும்பத்தோடு வெளிநாட்டுச் சுற்றுலா போனோம். டிராவல்ஸ்காரர் 3,20,000 கட்டணத்தோடு 16,000 வரி என்று தனியாக வாங்கினார். அது போனது போனதுதானா?
- வாசகி, மதுரை

இல்லை. அது டிசிஎஸ். உங்கள் பெயரில் வசூலித்து அரசுக்குக் கட்டிய முன்பணம். 26ஏஎஸ் பகுதி 6-ல் இருக்கிறதா பாருங்கள். யாருடைய பான் எண்ணைக் கொடுத்தீர்களோ அவர் ரிட்டர்னில்தான் வரும். 10 லட்சத்துக்கு மேல் கார் வாங்கியவர்களுக்கும் 1 சதவீதம் இப்படி வசூலாகியிருக்கும்.

31,000 வர வேண்டியதில் 22,600 மட்டுமே வந்தது. நண்பர் ஒருவருக்கு 'ரீஃபண்ட் ஃபெயில்டு' என்று காட்டுகிறது. ஏன்?
- வாசகர், தஞ்சாவூர்

உங்கள் 8,400 ரூபாய், பழைய ஆண்டு நிலுவை ஒன்றில் கழிக்கப்பட்டிருக்கும். 245 பிரிவில் அப்படிக் கழிக்கும் முன் அறிவிப்பு வரும், பதில் சொல்ல 21 நாள். விளம்பர மின்னஞ்சல்களுக்கு நடுவே அதைக் கவனிக்காமல் விடுவதுதான் வழக்கம். 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் 'அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' திறந்து எந்த ஆண்டின் நிலுவை என்று பாருங்கள். 2010-11 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளின் 25,000 வரையிலான நிலுவைகளும், 2011-12 முதல் 2015-16 வரையிலான 10,000 வரையிலானவையும் 2024-ல் தள்ளுபடி செய்யப்பட்டன; ஒருவருக்கு மொத்தம் 1 லட்சம் வரை. அதற்குப் பிந்தைய ஆண்டு என்றால், கட்டிய செலான் அல்லது அந்த ஆண்டின் 26ஏஎஸ்ஸோடு 'டிஸ்அக்ரீ' என்று பதில் போடுங்கள்.

நண்பருக்கு வங்கிக் கணக்குதான் காரணமாக இருக்கும். வங்கிகள் இணைந்தபோது மாறிய ஐஎஃப்எஸ்சி எண், பான் அட்டையில் 'எஸ். முருகன்', வங்கியில் 'முருகன் சுப்பையா', ஆதாரோடு இணைக்காததால் செயலிழந்த பான். கணக்கை 'மை பேங்க் அக்கவுண்ட்' பகுதியில் மறுபடி சரிபார்த்து, பிறகு 'சர்வீசஸ்', 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' என்று கேட்க வேண்டும். சரிபார்க்காமல் ரீஇஷ்யூ கேட்டால் மறுபடியும் ஃபெயில் ஆகும்.

எதுவும் காட்டாமல் 'அண்டர் ப்ராசஸிங்' என்றே நிற்கிறது என்பவர்களுக்கு: ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம் வரை மையத்துக்குச் சட்டம் நேரம் தருகிறது. 2026 ஜூலையில் போட்டால் 2027 டிசம்பர் 31 வரை. பெரும்பாலும் அவ்வளவு ஆகாது.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர், "எல்லோருக்கும் 60,000 ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், 20 சதவீதம் எனக்கு" என்கிறார். போன ஆண்டு சிலருக்கு வந்தும் விட்டது.
- பெயர் வேண்டாம், ஓசூர்

இல்லாத வாடகை, இல்லாத மருத்துவக் காப்பீடு, கட்சி நன்கொடை என்று எழுதி வாங்கும் பணம் அது. ரீஃபண்ட் வந்துவிட்டால் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று பொருளல்ல. மையம் கூட்டல் கழித்தலை மட்டும்தான் பார்க்கிறது, ஆவணம் கேட்பது பிறகு. 2025 ஜூலை 14 அன்று இத்தகைய முகவர்களைக் குறிவைத்துத் துறை நாடு முழுவதும் நடத்திய சோதனையில் தமிழ்நாடும் இருந்தது. 60,000 பொய்யாக வாங்கியவர் அதை வட்டியோடு திருப்ப வேண்டும், 270ஏ பிரிவில் 200 சதவீத அபராதம் 1,20,000 தனி. முகவரின் 12,000 திரும்ப வராது. நோட்டீஸ் முகவர் பெயருக்கு வராது, பான் எண்காரர் பெயருக்குத்தான் வரும்.

போன ஆண்டு வாங்கிவிட்டவர்களுக்கு இப்போது ஐடிஆர்-யூ பயன்படும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்த 12 மாதத்துக்குள் என்றால் வரி, வட்டி இரண்டின் மேல் 25 சதவீதம் கூடுதல். 24 மாதத்துக்குள் 50 சதவீதம். நோட்டீஸுக்கு முன்னால் போட்டால்தான் இந்தக் கணக்கு.